இறால் ஓட்டிலிருந்து காயத்துக்கு ஸ்பாஞ்சு: செய்யுங்கள், ஆனால் அப்பா காலில் வேண்டாம்

குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பயோடெக் கடைசி வருடம். குளச்சலில் இறால் ஓடு சும்மாவே கிடைக்கிறது, அதிலிருந்து கைட்டோசன் என்ற பொருளை எடுத்து, காயத்தைச் சீக்கிரம் ஆற்றும் ஸ்பாஞ்சு ஒன்றைக் கல்லூரி ப்ராஜெக்டாகச் செய்யலாமா என்பது முதல் கேள்வி. இரண்டாவதைக் கடைசி வரியில் ஒதுக்கமாக எழுதியிருக்கிறார்: அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், சர்க்கரை உண்டு, வலது உள்ளங்காலில் ஐந்து மாதமாக ஆறாத புண், செய்யும் ஸ்பாஞ்சை அதில் வைத்துப் பார்க்கலாமா?

இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகவே எழுதுகிறேன். முதல் கேள்விக்கு, தாராளமாகச் செய்யுங்கள். ஸ்பாஞ்சு செய்வது ஒரு வார வேலை. அதைக் காயத்தோடு ஒத்துப்போக வைப்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும்.

என்னைப் பற்றி ஒரு வரி. வீடு பாறசாலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். இருபது வருடத்துக்கு மேலாகக் காலை பாசஞ்சரைப் பிடித்துத் திருவனந்தபுரம் போய், ஓர் ஆய்வுக்கூடத்தில் கொலாஜன் (தோலிலும் தசைநாரிலும் உள்ள புரதம்), ஜெலட்டின், கைட்டோசன் என்று இந்தச் சாமான்களோடுதான் மாரடிக்கிறேன். நான் டாக்டர் அல்ல. ஆனால் நாம் செய்வது கடைசியில் யார் காலில் போய் உட்காருகிறது என்று பார்க்காமல் செய்யக் கூடாது என்பதில் எங்கள் பழைய தலைவர் விடாப்பிடியாக இருந்தார். அதனால் மாதம் இரண்டு நாள் ஏதாவது ஒரு டிரெஸ்ஸிங் அறையில் போய் ஓரமாக நிற்கும் பழக்கம் வந்துவிட்டது.

அப்படி நின்ற ஒரு நாள். ஒரு பெரியம்மா, கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அளவு புண். முந்தின நாள் வைத்த காஸ் துணி காய்ந்து மொறமொறவென்று புண்ணோடு ஒன்றாகிப் போயிருந்தது. சிஸ்டர் சலைனைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்துப் பார்த்தார். வெளியே வரிசை நீளம், நேரம் இல்லை. ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். துணியோடு சேர்ந்து, ஒரு வாரமாக வளர்ந்திருந்த இளஞ்சிவப்புச் சதையின் மேல்பரப்பும் வந்தது. புள்ளி புள்ளியாக ரத்தம். பெரியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தபடியே இருந்தார். அந்தத் துணியை நான் கேட்டு வாங்கி லென்ஸில் பார்த்தேன். நூலிழைகளுக்கு நடுவே சதை புகுந்து வளர்ந்திருந்தது. உடம்பு அந்தத் துணியைச் சாரமாக நினைத்து ஏறியிருக்கிறது. நாம் சாரத்தைக் கழற்றும்போது சுவரையும் சேர்த்துப் பிய்த்துவிட்டோம்.

சரி, கழற்றவே வேண்டியிராத சாரம் ஒன்று இருந்தால்? சதை ஏற ஏறத் தானாகக் கரைந்து போகிற சாரம்? காயத்துக்கான ஸ்பாஞ்சு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல ஆப்பத்தின் நடுப்பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள்: துளைகள், துளைகளுக்கு நடுவே மெல்லிய சுவர்கள், ஒரு துளையிலிருந்து அடுத்ததுக்கு வழி.

நம் ஊரில் இன்னும் பலர் காயத்தைத் திறந்துபோட்டுக் காற்றாட விட வேண்டும், பொருக்கு கட்டினால்தான் ஆறும் என்கிறார்கள். 1962இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் இளம் பன்றிகளின் தோலில் ஒரே மாதிரி சிறு காயங்கள் போட்டு, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடி வைத்தார். மூடி ஈரமாக வைத்தவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காரணம் எளிது. மேல்தோல் செல்கள் ஓரத்திலிருந்து நகர்ந்து நகர்ந்துதான் காயத்தை மூடுகின்றன. காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்கு அடியில் ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடித் தோண்டிக்கொண்டு போக வேண்டும். ஈரமாக இருந்தால் நேராக வழுக்கிக்கொண்டு போகலாம். அதற்காகக் குளமாகத் தேங்கவும் கூடாது. நீர் தேங்கினால் சுற்றியுள்ள நல்ல தோல், நாள் முழுக்கத் துணி துவைத்த கைபோல வெளுத்து ஊறிப்போய் உரியத் தொடங்கும். ஆக, ஸ்பாஞ்சின் முதல் வேலை மருந்து கொடுப்பது அல்ல, தண்ணீர்க் கணக்கைச் சரியாக வைப்பது.

இரண்டாவது வேலை இடம் கொடுப்பது. இதில் அமெரிக்க ஆய்வாளர்கள் யானாஸும் பர்க்கும் செய்த வேலையைத் தேடிப் படித்துவிடுங்கள். மாட்டுத் தசைநாரின் கொலாஜன், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சங்கிலி, இரண்டையும் சேர்த்து ஒரு ஸ்பாஞ்சு, அதன் மேல் மெல்லிய சிலிக்கோன் படலம். தீக்காயக்காரர்களுக்கு அதை வைத்த அனுபவத்தை 1981இல் எழுதினார்கள். அமெரிக்க அரசின் அனுமதி வந்தது 1996இல். நடுவில் பதினைந்து வருடம் போயிருப்பதைக் கவனியுங்கள். அவர்கள் கண்டறிந்ததில் நமக்கு முக்கியமானவை இரண்டு. துளையின் அளவு சுமார் 20 முதல் 125 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்தது. அப்புறம், அது கரையும் வேகம் காயம் ஆறும் வேகத்தோடு, அதாவது இரண்டு வாரக் கணக்கோடு, ஒத்துப்போக வேண்டியிருந்தது. துளை ரொம்பச் சின்னதாக இருந்தால் செல் உள்ளே நுழையாது. ரொம்பப் பெரிதாக இருந்தால் உள்ளே வந்த செல்லுக்குப் பிடித்து ஏறச் சுவர் போதாது. சீக்கிரம் கரைந்தால் சாரம் பாதியில் சரிந்த மாதிரி. கரையாமலே கிடந்தால் உடம்பு அதை முள்ளாக நினைத்துச் சுற்றிலும் தழும்பு கட்டிவிடும்.

இனி உங்கள் இறால் ஓட்டுக்கு வருவோம். கொல்லத்தின் நீண்டகரை, சக்திகுளங்கரை, ஆலப்புழையின் அரூர் என்று கேரளக் கரை நெடுக இறால் உரிக்கும் ஷெட்டுகள் உண்டு. ஓடும் தலையும் மலையாகக் குவியும். அதை என்ன செய்வது என்று கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல காலமாக வேலை செய்திருக்கிறது. ஓட்டில் மூன்று சரக்கு: சுண்ணாம்பு, புரதம், கைட்டின். முதல் இரண்டையும் விரட்டினால் மூன்றாவது மிஞ்சும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நான் முதல் தடவை மொத்தமாகக் கொட்டி, பால் பொங்குவது போல நுரை பொங்கி மேசை முழுக்க ஓடியது. பிறகு நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் போகும். மிஞ்சும் கைட்டினை 40 முதல் 50 சதவீதக் காஸ்டிக் சோடாவில் 100 டிகிரி அருகே வைத்தால் அதிலுள்ள அசிட்டைல் தொகுதிகள் (சங்கிலியில் தொங்கும் சிறு வேதித் துணுக்குகள்) பெருமளவு உதிர்ந்து கைட்டோசன் ஆகும். இந்தக் கடைசிப் படியைக் கண்ணாடி, கையுறை, ஏப்ரன் இல்லாமல் செய்யவே கூடாது. அந்தச் செறிவில் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகும்.

ரப்பர் வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த படியைச் சொல்வது சுலபம். பாலில் ஆசிட் விட்டால் தட்டில் உறையும், அதை அப்பா தினமும் செய்கிறார். கைட்டோசன் நேர் எதிர்: ஆசிட்டில் கரையும், காரத்தில் உறையும். ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் இரண்டு சதவீதம் கைட்டோசன் போட்டு ராத்திரி முழுக்கக் கலக்கினால் காலையில் ஆறிய கஞ்சிப் பதத்தில் இருக்கும். கரையும்போது அதன் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. ரத்தச் சிவப்பணுவும் தட்டணுவும் எதிர்மின்னூட்டம் உள்ளவை, அதனால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவம் குண்டுக்காயத்தில் ரத்தம் நிறுத்தக் கைட்டோசன் கட்டுகளைக் கொண்டுபோனது இந்தக் குணத்துக்காகத்தான்.

கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தட்டில் ஊற்றி, உறையவைத்து, உறைநிலை உலர்த்தியில் வைக்க வேண்டும். ஃப்ரீஸ் டிரையர் என்று சொன்னால்தான் எங்கள் ஊழியர்களுக்கே புரியும். இங்கே நடப்பது எனக்கு இன்றும் அலுக்காத விஷயம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது தனக்குள் வேறு எதையும் சேர்த்துக்கொள்ளாது. கைட்டோசன் முழுவதையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் படிகமாக வளரும். தள்ளப்பட்டது படிகங்களுக்கு நடுவே சுவராக நெருங்கி நிற்கும். பிறகு வெற்றிடத்தில் பனிக்கட்டி நீராகாமலே நேரே ஆவியாகிப் போய்விடும். சுவர் மட்டும் நிற்கும். அதாவது ஒவ்வொரு துளையும் ஒரு காலத்தில் அங்கே இருந்த ஒரு பனிப்படிகத்தின் அச்சு. மெதுவாக உறையவைத்தால் படிகம் பெரிது, துளையும் பெரிது. திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்தால் துளை பொடிசு. கைட்டோசனையே மாற்றாமல் ஃப்ரீஸரின் வெப்பநிலையை மட்டும் மாற்றித் துளையை மாற்றலாம். உங்கள் ப்ராஜெக்டுக்கு இது ஒன்றே போதும்: மூன்று உறைவு வேகம், மூன்று துளை அளவு, என்ன மாறுகிறது என்று பாருங்கள். தயவுசெய்து இதோடு வெள்ளி நானோத் துகள், மஞ்சள், கற்றாழை, தேன் என்று எல்லாவற்றையும் கலந்துவிடாதீர்கள். எது வேலை செய்தது என்று கடைசியில் உங்களுக்கே தெரியாது.

ஒரு துலா மாதத்து மதியம். எங்கள் பக்கத்தில் அந்த மாதத்து இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மூன்று மணிக்கு மேகம் கூடினால் நான்கு மணிக்கு அடிக்கும். உலர்த்தியில் இரண்டு வார உழைப்பு இருந்தது, நாற்பது ஸ்பாஞ்சு. இடி விழுந்தது, கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. வெற்றிடம் போய்ப் பாதி உலர்ந்த பனி உருகியது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் தட்டுகளில் நாற்பது அப்பளம். சுவர்கள் சொந்த ஈரத்திலேயே படுத்துவிட்டன. பொருள் அதேதான், எடை அதேதான், ஆனால் துளை இல்லை. அதில் ஒரு துண்டைச் செல் வளர்ப்பில் போட்டுப் பார்த்தேன், சும்மா ஓர் ஆசைக்கு. செல்கள் மேலே பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தன, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அதிலிருந்து யாராவது ஸ்பாஞ்சைக் காட்டினால் முதலில் பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்ப்பது என் வழக்கம். மேலே அழகாக இருக்கும், அடியில் கெட்டித் தோலாக மூடியிருக்கும். அந்தத் தோல் பக்கத்தைக் காயத்தில் வைத்தால் பிளாஸ்டிக் காகிதம் வைத்த மாதிரிதான்.

சரி, ஸ்பாஞ்சு நன்றாகவே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூக்கருகே கொண்டுபோங்கள். வினிகர் வாடை அடிக்கும். அசிட்டிக் அமிலம் உப்பாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இதைச் சலைனில் போட்டால் சில நிமிடத்தில் வழவழவென்று கூழாகிவிடும். நீர்த்த காரத்தில் நனைத்து நடுநிலைப்படுத்தி, பி.எச். ஏழருகே வரும்வரை கழுவி, மறுபடி உறையவைத்து உலர்த்த வேண்டும். மாணவர்கள் விழும் பள்ளங்களில் பெரியது இதுதான், ஏனென்றால் இந்தப் படியை விட்டுவிட்டால் முடிவுகள் அழகாக வந்துவிடும்! பாக்டீரியாத் தட்டில் வைத்தால் சுற்றிலும் பெரிய வட்டம் தெளியும். கைட்டோசனின் கிருமிநாசினி சக்தி என்று எழுதிவிடுவார்கள். கொன்றது வினிகர். அதே வினிகர் செல் வளர்ப்பில் தோல் செல்லையும் கொல்லும். ஆகவே எதைச் சோதித்தாலும் வெறும் அசிட்டிக் அமிலம் நனைத்த காகிதம் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள்.

கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்த இரண்டு வழி. ஒன்று, அசிட்டைல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது. நம் கண்ணீரிலும் காயநீரிலும் உள்ள லைசோசைம் என்ற நொதிதான் கைட்டோசனை வெட்டுகிறது, அது பிடித்துக்கொள்ள அசிட்டைல் தொகுதி வேண்டும். மொத்தத்தையும் உதிர்த்துவிட்டால் நொதிக்குப் பிடி கிடைக்காது, ஸ்பாஞ்சு மாதக்கணக்கில் கிடக்கும். வாங்குகிறவர்கள் சுத்தம் என்று நினைத்து அசிட்டைல் மிக உயர்ந்த சதவீதத்தில் உதிர்ந்ததைத் தேடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வழி, சங்கிலிகளுக்கு நடுவே குறுக்குப் பாலம் போடுவது. இது ஒன்றும் புதுசு அல்ல. ஆந்திர எல்லையை ஒட்டி ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோலைப் பதனிடுகிறார்களே, அதுவும் கொலாஜனுக்குக் குறுக்குப் பாலம் போடும் வேலைதான். அடையாறில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனைக் காயத்துக்குப் பயன்படுத்துவதிலும் வேலை செய்ததில் ஆச்சரியமே இல்லை, அவர்களுக்கு அது வீட்டுச் சரக்கு. வித்தியாசம் ஒன்றுதான். செருப்பு வருடக்கணக்கில் உழைக்க வேண்டும். நமக்கு வேண்டியது இரண்டு வாரத்தில் காணாமல் போகும் தோல். அதனால் பாலம் குறைவாகப் போட வேண்டும். குளூட்டரால்டிஹைடு மலிவு, ஆனால் மிச்சம் இருந்தால் செல்லுக்கு விஷம். ஜெனிபின் என்று ஒரு செடியின் காயிலிருந்து வருவது சாதுவானது, ஆனால் விலை அதிகம், ஸ்பாஞ்சும் கருநீலமாகிவிடும். நீலமாக இருப்பதில் என்ன என்பீர்கள். காயத்தைப் பார்த்துப் பழகிய சிஸ்டருக்குக் கருநீலம் என்றால் அழுகல். ஒருமுறை எங்கள் மாதிரியைப் பார்த்த ஒரு சிஸ்டர் அதைத் தொடவே மறுத்துவிட்டார். அவர் பக்கம்தான் நியாயம்.

நீர் உறிஞ்சும் சோதனையில் இன்னொரு பள்ளம். எல்லாரும் வாலைவடிநீரில் போட்டு, தன் எடையைப் போல முப்பது மடங்கு குடித்தது என்று எழுதுகிறார்கள். காயத்தில் வாலைவடிநீர் கிடையாது, உப்புநீர். அதற்கென்று ஒரு நிலையான கலவை உண்டு: ஒரு லிட்டரில் 8.298 கிராம் சோடியம் குளோரைடு, 0.368 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். அதில் போடுங்கள், எண்ணிக்கை பெரும்பாலும் இறங்கிவிடும். பிறகு ஊறிய ஸ்பாஞ்சின் மேல் ஓர் எடையை வைத்துப் பாருங்கள். கட்டுப் போட்டு அதன் மேல் ஆள் நடக்கப் போகிறார். குடித்ததை அழுத்தியதும் கக்கிவிட்டால் குடித்துப் பயன் இல்லை.

முறிகூட்டிச் செடியின் சாற்றைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மேலே பச்சையும் அடியில் ஊதாவுமாக இலை இருக்குமே, வேலி ஓரத்தில் எங்கள் வீட்டிலும் நிற்கிறது, சின்ன வெட்டு என்றால் அம்மா கசக்கிப் பிழிந்து விடுவார். கொச்சி அமிர்தா நானோ அறிவியல் மையத்தில் இதன் சாற்றைக் கைட்டோசனில் சேர்த்துத் துளையுள்ள கட்டு செய்து 2013இல் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முந்தின வருடம் அதே இடத்திலிருந்து துத்தநாக ஆக்சைடு நானோத் துகள் சேர்த்த கைட்டோசன் கட்டு. இரண்டையும் படியுங்கள். ஆனால் உங்கள் ப்ராஜெக்டில் வெறும் ஸ்பாஞ்சு சரியாக வந்த பிறகு சேர்ப்பதுதான் முறை.

எலி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எலியில் காயம் பத்துப் பன்னிரண்டு நாளில் மூடியது என்று படம் போட்ட கட்டுரைகள் நிறைய வரும். எலியின் தோல் தளர்ந்தது, அடியில் ஒரு தசைப்படலம் உண்டு, காயத்தை முடிச்சுப் பை வாயை இழுப்பது போல இழுத்து மூடிவிடும். நம் தோல் அப்படி அல்ல, அடியிலிருந்து சதை நிரம்பி மேலே தோல் படர்ந்துதான் மூட வேண்டும். அதனால்தான் வின்டர் பன்றியை எடுத்தார். இன்னொன்று, அந்த எலிகளில் பெரும்பாலானவை இளம் எலிகள், ஒன்றும் வைக்காவிட்டாலும் ஆறியிருக்கும். ஆறப்போகிற காயத்தை இரண்டு நாள் முன்னதாக ஆற்றுவதும், ஐந்து மாதமாக ஆற மறுக்கும் புண்ணை ஆற்றுவதும் ஒரே வேலை அல்ல.

இப்போது அப்பாவிடம் வருகிறேன்.

நேரடியான தடைகள் முதலில். கல்லூரியில் செய்த ஸ்பாஞ்சு நுண்ணுயிர் நீக்கப்பட்டதாக இருக்காது. ஆட்டோகிளேவில் வைத்தால் கொலாஜன் ஜெலட்டினாகிவிடும், கைட்டோசனின் சங்கிலியும் அடிபடும், அதனால்தான் தொழிற்சாலைகள் காமாக் கதிரையோ எத்திலீன் ஆக்சைடையோ நாடுகின்றன. நுண்ணுயிர் செத்தாலும் அதன் சுவரிலிருந்து வரும் நச்சு ஓட்டிலேயே ஒட்டியிருக்கும், கைட்டோசனின் நேர்மின்னூட்டம் அதையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். மீன் வாடையில் கிடந்த ஓடு என்பதை மறக்காதீர்கள். இறால் அலர்ஜி உள்ளவர்களுக்குக் குற்றவாளி பெரும்பாலும் அதன் தசைப் புரதம்தான், கைட்டின் அல்ல. ஆனால் புரதம் முழுக்கப் போயிற்றா என்பதை நீங்கள் அளந்து பார்த்திருக்க மாட்டீர்கள். சட்டமும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி இதெல்லாம் கருவி, அனுமதியும் நெறிமுறைக் குழுவும் இல்லாமல் மனிதர் மேல் சோதிக்கக் கூடாது. சொந்த அப்பா என்றாலும் அதேதான். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம், பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கி எடுத்த ஒரு சாரத்தைத் தோல் காயத்துக்காக உருவாக்கி, 2023இல் அனுமதி வாங்கியது. அந்த நிலைக்கு வர எத்தனை வருடச் சோதனை என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இவையெல்லாம் இல்லாவிட்டாலும், கடையில் கிடைக்கும் முதல் தரமான கொலாஜன் ஸ்பாஞ்சையே வாங்கித் தந்தாலும், என் பதில் பெரிதாக மாறாது. உங்கள் அப்பாவின் புண் ஆறாததற்குக் காரணம் சாரம் இல்லாதது அல்ல. சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போகிறது. விடிகாலையில் தலை விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரத்துக்கு நடந்து நடந்து வெட்டும்போது அந்த ஒரே இடத்தில் உடம்பின் முழுப் பாரமும் ஆயிரக்கணக்கான தடவை விழுகிறது. வலித்தால் நொண்டியிருப்பார், காலைத் தூக்கி வைத்திருப்பார். வலிக்கவில்லை, அதனால் நடந்துகொண்டே இருக்கிறார். இரவில் வளர்ந்த சதையைக் காலை நடை நசுக்கிவிடுகிறது. இதில் எந்த ஸ்பாஞ்சை வைத்தாலும் அதையும் சேர்த்து மிதிப்பார்.

2023இல் வெளியான சர்வதேச நீரிழிவுப் பாதக் குழுவின் வழிகாட்டுதல், இந்தப் புண்களை ஆற்றுவதற்கென்று கொலாஜன் கட்டோ ஆல்ஜினேட் கட்டோ பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு அது கசப்பான வரி. ஆனால் சரியான வரி. தீக்காயத்திலும், தோல் எடுத்த இடத்திலும், ரத்தம் நிற்காத பல் குழியிலும் ஸ்பாஞ்சுக்கு வேலை இருக்கிறது. மிதிபடும் காலுக்கு முதல் மருந்து மிதியை நிறுத்துவது. அதே குழு, உள்ளங்காலின் நரம்புப் புண்ணுக்கு முதல் தேர்வாகச் சொல்வது முழங்கால்வரை வரும், நோயாளியால் கழற்ற முடியாத ஒரு கட்டு அல்லது பூட்ஸ். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவார்கள் என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

ஆக, அப்பாவை ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரத்துக்கோ, எது பக்கமோ அங்கே, இந்த வாரமே கூட்டிப் போங்கள். சர்ஜரி பிரிவில் இதைக் கேளுங்கள்: காலுக்கு ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா? பாத நாடியைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரியும், கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையோடு ஒப்பிட்டால் மீதி தெரியும். புண்ணின் ஓரத்தில் தடித்த காய்ப்புத் தோலைச் செதுக்கி எடுத்தார்களா? அடியில் எலும்பு தட்டுப்படுகிறதா, எக்ஸ்ரே எடுத்தார்களா? பாரத்தை எப்படி இறக்கப் போகிறார்கள்? பால்வெட்டை நிறுத்தினால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பது இந்தக் கேள்விகளையெல்லாம் விடப் பெரிது, தெரியும். ஆறேழு வாரத்துக்கு வேறு ஆளைப் பாதிக் கூலிக்குப் போடுவது, விரலை இழப்பதைவிட மலிவு என்று அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார். காய்ச்சலோ, புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாகப் பரவுவதோ, நாற்றமோ, கருப்போ இருந்தால் இந்த வாரம் அல்ல, இன்று.

வீட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை வரவைத்துச் சுத்தம் செய்கிறார்கள் என்றால் நிறுத்துங்கள், அந்த நுரை புதுச் சதையையும் எரிக்கிறது. காப்பித்தூள், சாம்பல், முறிகூட்டிச் சாறு எதுவும் வேண்டாம். காய்ந்து ஒட்டிய துணியைச் சலைனில் நன்றாக ஊறவிட்டே எடுங்கள், எவ்வளவு நேரமானாலும்.

கேரளத்தில் பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை என்று 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு சொல்கிறது. நம் பக்கம் எல்லையைத் தாண்டியதும் அது குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அதனால் உங்கள் ப்ராஜெக்ட் வீண் அல்ல. ஸ்பாஞ்சு செய்து, குறுக்கே வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தை எனக்கு அனுப்புங்கள். மேல்பரப்பின் படம் வேண்டாம், வெட்டுமுகத்தின் படம். அப்புறம், குளச்சலுக்கு ஓடு வாங்கப் போகும்போது இறுக்கமாக மூடும் வாளி ஒன்று கொண்டுபோங்கள். நான் ஒருமுறை சாக்குப் பையில் கொண்டுவந்து களியக்காவிளையில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவன்.